நாடாவில் தொடங்கி மாங்காய் குடோன் வரை

கோல்ஃப் மட்டையும் பந்தும் ஒன்றையொன்று தொட்டிருக்கும் நேரம், ஒரு விநாடியை இரண்டாயிரமாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு துணுக்கு. பந்து எந்த வேகத்தில் கிளம்பும், எவ்வளவு எழும்பும், எத்தனை சுற்றுச் சுழலும், இடப்பக்கம் வளையுமா வலப்பக்கம் வளையுமா என்பதெல்லாம் அந்தத் துணுக்குக்குள் தீர்மானமாகிவிடுகிறது. மனிதக் கண்ணால் அதைப் பார்க்க முடியாது. பார்த்து, எண்களாகச் சொல்வதற்கென்றே ஒரு பெட்டி இருக்கிறது. லாஞ்ச் மானிட்டர் என்பார்கள். உயர்தரமான ஒன்றை இந்தியாவுக்கு வரவழைத்தால் இருபது லட்சம் ரூபாயைத் தாண்டும்.

பாலக்காடு மாவட்டம் முதலமடையில் மாந்தோப்பு வைத்திருக்கும் நண்பர் ஒருவர், சீசன் முடிந்து காலியாகக் கிடக்கும் மாங்காய் குடோனில் திரை கட்டி, புரொஜெக்டர் மாட்டி, கோல்ஃப் சிமுலேட்டர் அமைக்க விரும்பினார். வாங்கும் முன் சோதித்துப் பார்க்க, ரேடாரில் இயங்கும் கருவி ஒன்றும் கேமராவில் இயங்கும் கருவி ஒன்றும் கோவையிலிருந்து வந்து சேர்ந்தன. கோவிந்தாபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டி அவை கடைசியாக வந்த தூரம் சிறியது. அதற்கு முன் இந்த வகைக் கருவி நடந்து வந்த பாதைதான் நீளம். அது ஸ்காட்லாந்தில் ஒரு துணி நாடாவில் தொடங்குகிறது.

எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பீட்டர் கத்ரி டெய்ட் என்ற இயற்பியல் பேராசிரியர் இருந்தார். கோல்ஃப் மேல் தீராத பிரியம் கொண்டவர். அவர் மகன் ஃபிரெடி டெய்ட் அதைவிடப் பெரிய ஆட்டக்காரர். 1896லும் 1898லும் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டம் வென்றவர். பந்து ஏன் கணக்குப்படி விழாமல் காற்றில் மிதந்துகொண்டே போகிறது என்பது தந்தையின் கேள்வி. எறிந்த பொருள் எப்படி விழும் என்று அன்றைய கணிதம் சொன்னதற்கும், நல்ல ஆட்டக்காரரின் அடியில் பந்து போன விதத்துக்கும் பொருத்தமே இல்லை. பந்து சுழல்வதால்தான் இப்படி நடக்கிறது என்று டெய்ட் நினைத்தார். ஆனால் சுழற்சியை எப்படி எண்ணுவது? பந்தில் ஒரு நாடாவின் முனையைப் பொருத்தினார், மறுமுனையைத் தரையில் பிணைத்தார். பந்தை அடித்த பிறகு நாடாவில் விழுந்திருந்த முறுக்குகளை எண்ணினார். கனமான ஊசலில் பந்தை மோதவிட்டு அதன் வேகத்தையும் கணித்தார். இன்றைய பெட்டி திரையில் காட்டும் முக்கியமான இரண்டு எண்கள், பந்து வேகமும் சுழற்சியும், முதன்முதலில் இப்படித்தான் மனிதர் கையில் சிக்கின. 1890களில் அவர் வெளியிட்ட கட்டுரைகள், பின்சுழற்சி கொண்ட பந்தைக் காற்று கீழிருந்து தாங்குகிறது என்று காட்டின. சுழலும் பொருளைக் காற்று பக்கவாட்டில் தள்ளுவதை மாக்னஸ் என்ற ஜெர்மானியர் 1852இலேயே ஆராய்ந்திருந்தார். அதைக் கோல்ஃப் திடலுக்குக் கொண்டுவந்தவர் டெய்ட். மகன் 1900இல் தென்னாப்பிரிக்கப் போரில் இறந்தார். அடுத்த ஆண்டே தந்தையும் போய்விட்டார்.

அந்தக் காலத்துப் பந்து மலாயாக் காட்டு மரமொன்றின் பாலில் செய்தது. கட்டாபெர்ச்சா என்ற அந்தப் பொருளை வழவழவென்று உருட்டி விற்றபோது பந்து சீக்கிரம் விழுந்துவிட்டது. ஆடி ஆடி மேலெல்லாம் கீறல் விழுந்த பழைய பந்துகளே நன்றாகப் பறந்தன. அதைக் கவனித்துத்தான் பந்தின் மேல் வேண்டுமென்றே கோடு போட்டார்கள். 1905 வாக்கில் குழிகளும் வந்தன. கருவிக்கு முன்னாலேயே ஆட்டக்காரரின் கண் இதைக் கண்டுபிடித்திருக்கிறது. அதை நான் மதிக்கிறேன். எந்த லாஞ்ச் மானிட்டரும் அந்தக் கண்ணுக்குப் பிறகு வந்ததுதான்.

1930களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஹரால்ட் எட்கர்டன், மின்னல்போல் விட்டுவிட்டு ஒளிரும் விளக்கை வைத்து மட்டை வீச்சையும் பந்து நசுங்குவதையும் படமெடுத்தார். கேமரா வகைக் கருவியின் வம்சம் அங்கிருந்து வருகிறது. பிரிட்டனில் 1968இல் காக்ரனும் ஸ்டாப்ஸும் எழுதிய நூல் ஒன்று, இந்த அளவுகளைக் கொண்டு ஆட்டத்தையே மறுபடி விளக்கியது. பிறகு நெடுங்காலம் இந்த அளவுகள் பந்து செய்யும் கம்பெனிகளின் சோதனைக் கூடங்களிலேயே அடைபட்டுக் கிடந்தன. சாதாரணப் பயிற்சியாளருக்கு அவை எட்டவில்லை.

ரேடார் வகையின் வம்சம் வேறு. 1842இல் கிறிஸ்டியன் டாப்ளர், நெருங்கி வரும் பொருளிலிருந்து வரும் அலை நெருக்கமாகவும் விலகிப் போகும் பொருளிலிருந்து வரும் அலை நீண்டும் தெரியும் என்றார். மூன்று ஆண்டுகள் கழித்து ஹாலந்தில் பைஸ் பாலட் என்பவர் ஓடும் ரயிலில் எக்காளம் ஊதுபவர்களை ஏற்றி, தரையில் இசையறிந்தவர்களை நிறுத்தி, சுருதி மாறுவதைக் காதாலேயே சரிபார்த்தார். ஒரு நூற்றாண்டு கழித்து அந்தத் தத்துவம் பீரங்கிக்குப் போயிற்று. குழாயை விட்டுக் கிளம்பும் குண்டின் மேல் மைக்ரோ அலையை அனுப்பி, திரும்பி வரும் அலையின் மாற்றத்தை வைத்து வேகத்தை அளந்தார்கள். டென்மார்க்கின் வைபல் நிறுவனம் அப்படிப்பட்ட ரேடார்களுக்குப் பேர்போனது. அங்கே பணியாற்றிய பொறியாளர் ஃபிரெட்ரிக் டூக்ஸன், கிளாஸ், மார்ட்டன் எல்ட்ரப்-யோர்கென்சன் சகோதரர்களுடன் சேர்ந்து 2003இல் டிராக்மேன் நிறுவனத்தைத் தொடங்கினார். குண்டுக்குப் பதிலாக 46 கிராமுக்குள் எடையுள்ள பந்து. மற்றபடி வேலை ஒன்றுதான்.

இந்தப் பெட்டி கோல்ஃப் பயிற்சியில் செய்த மிகப் பெரிய காரியம் ஒரு பழைய பாடத்தைத் திருத்தியதுதான். மட்டை எந்தத் திசையில் வீசப்படுகிறதோ அந்தத் திசையில் பந்து கிளம்பும், மட்டையின் முகம் பார்க்கும் திசைக்குப் பிறகு வளையும் என்றுதான் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். உண்மை ஏறத்தாழ தலைகீழ். பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது மட்டையின் முகம். முகத்துக்கும் வீச்சின் பாதைக்கும் உள்ள வேறுபாடு வளைவைத் தீர்மானிக்கிறது. காக்ரனும் ஸ்டாப்ஸும் 1968லேயே இதைத் தொட்டிருந்தார்கள். ஆனால் பயிற்சித் திடலில் ஒவ்வொரு அடிக்கும் எண் கண்முன் வந்து நின்ற பிறகுதான் ஆசிரியர்கள் நம்பினார்கள். நல்ல மனதோடு தவறாகச் சொல்லிக்கொடுக்கப்பட்ட ஒரு பாடம் இவ்வளவு வேகமாக மாறியது விளையாட்டு உலகில் அரிது.

பெட்டி கோல்ஃபோடு நிற்கவில்லை. இங்கிலாந்துக் கிரிக்கெட்டில் சுழற்பந்தின் சுற்றுகளை எண்ணியது. 2015 முதல் சில ஆண்டுகள் அமெரிக்க பேஸ்பால் மைதானங்களில் ஒவ்வொரு பந்தையும் கணக்கெடுத்தது. கலிஃபோர்னியாவின் ஃபோர்சைட் நிறுவனம் பந்துக்குப் பக்கத்திலேயே வைக்கும் கேமராப் பெட்டிகளைக் கொண்டுவந்தது; அதன் உயர்ந்த வகையில் நான்கு கேமராக்கள். நிலமும் நேரமும் போதாத கொரியாவில் 2000இல் தொடங்கிய கோல்ஃப்ஸோன், மாடிக் கட்டடங்களின் அறைகளுக்குள்ளேயே ஆட்டத்தைக் கொண்டுபோய் அதை ஒரு மக்கள் பொழுதுபோக்காக்கியது. 2021இல் கார்மின் நிறுவனம், உள்ளங்கையில் அடங்கும் ரேடார் ஒன்றை அறுநூறு டாலருக்கு விற்றது. துல்லியத்தில் அது பெரிய பெட்டிக்கு ஈடாகாது. ஆனால் சாதாரண ஆட்டக்காரருக்குக் கதவு திறந்ததில் அதற்கும் பங்கு உண்டு.

இனி குடோனுக்கு வருகிறேன்.

முதலமடை மாங்காய் ஊர். இந்தியாவிலேயே முன்னதாகச் சந்தைக்கு வரும் மாங்காய்களில் இந்த ஊர்க் காய்க்குத் தனி இடம். அல்போன்சாவும் பங்கனப்பள்ளியும் செந்தூரமும் பெட்டி பெட்டியாக வடக்கே போகும். ஜூனில் கடைசிப் பெட்டியும் போன பிறகு குடோன்கள் காற்றாடிக் கிடக்கும். நண்பரின் குடோன் நல்ல உயரம், டிரைவர் என்ற நீள மட்டையைத் தலைக்கு மேல் தாராளமாகச் சுழற்றலாம். நீளமும் போதும். ரேடார் பெட்டி பந்துக்குப் பின்னால் இரண்டு மீட்டருக்கு மேல் தள்ளி உட்கார வேண்டும், பந்துக்கு முன்னால் திரை வரை மூன்று நான்கு மீட்டராவது வேண்டும். நகரத்து வீடுகளில் இந்த நீளத்துக்காகத்தான் சுவரை இடிக்கிறார்கள்.

முதல் நாள், மூலையில் பெரிய ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தச் சொன்னார் கருவியைக் கொண்டுவந்த பையன். ரேடாருக்கு அசைகிற எதுவும் செய்திதான். ஃபேன் இறக்கையும் அதன் கண்ணில் ஓடிக்கொண்டே இருக்கிற ஒரு பொருள். பிறகு பந்தில் நகத்தளவு பளபளப்பான ஒட்டுப்பொட்டு ஒன்றை ஒட்டினார். நண்பர் அடித்தார். திரையில் பந்து ஒரு புல்வெளிக்கு மேல் பறந்து இறங்கியது. கிரேட்டுகளைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்த அக்கா ஒருவர் கை வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்: “ஏனுங்க, பந்து துணியில முட்டி நின்னு போச்சு. நூத்தித் தொண்ணூறு மீட்டரு போச்சுன்னு அது எப்படிங்க சொல்லுது?”

“கணக்குப் போட்டுச் சொல்லுதுங்க அக்கா. கெளம்புனதப் பாத்துட்டு, மிச்சத்தக் கணக்குப் போடுது” என்றார் நண்பர்.

அந்தக் கேள்விதான் முழு விஷயமும். அதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். தொழில்முறை ஆட்டக்காரர் டிரைவரால் அடித்தால் பந்து விநாடிக்கு 70 மீட்டருக்கு மேல் கிளம்பும். பெட்டி 24 கிகாஹெர்ட்ஸ் அலையை அனுப்பினால், திரும்பி வரும் அலையில் ஏற்படும் மாற்றம் விநாடிக்கு ஏறத்தாழ 11,000 அதிர்வு. மனிதக் காது கேட்கும் எல்லைக்குள் வரும் எண் இது. ஹாலந்து ரயிலின் எக்காளம் இன்னும் விட்டுப்போகவில்லை. வேகத்தை இப்படித் துல்லியமாகப் பிடித்துவிடலாம். சுழற்சிதான் கஷ்டம். அப்படிப்பட்ட அடியில் பந்து நிமிடத்துக்குச் சுமார் 2,700 முறை, அதாவது விநாடிக்கு 45 முறை சுழலும். நான்கு மீட்டர் தள்ளி இருக்கும் திரையை அடைய அதற்கு ஆகும் நேரம் விநாடியின் பதினேழில் ஒரு பங்கு. அதற்குள் பந்து சுற்றுவது இரண்டரைச் சுற்று மட்டும். வெளியில் முழுப் பறத்தலையும் கண்ணால் தொடர்ந்து பழகிய ரேடாருக்கு, குடோனுக்குள் கிடைக்கும் சாட்சியம் இந்த இரண்டரைச் சுற்றுத்தான். ஒட்டுப்பொட்டு அதற்காகவே: ஒவ்வொரு சுற்றிலும் அது ஒரு முறை பளிச்சென்று அலையைத் திருப்பி அனுப்பும். பந்து செய்யும் டைட்டிலிஸ்ட் நிறுவனம் 2022இல் ரேடாருக்குத் தெரியும் குறியைப் பந்துக்குள்ளேயே பதித்து விற்கத் தொடங்கியதும் இதே சிரமத்தைத் தீர்க்கத்தான்.

கேமரா வகைக்கு இந்தத் தொல்லை இல்லை. அது பந்துக்குப் பக்கத்தில், ஓர் அடி இரண்டடித் தூரத்தில் உட்கார்ந்து, பந்து கிளம்பிய உடனே சில படங்களை எடுத்து, குழிகளும் எழுத்தும் எவ்வளவு திரும்பியிருக்கின்றன என்று ஒப்பிட்டுச் சுழற்சியைச் சொல்கிறது. மட்டை முகத்தில் சிறு பொட்டுகளை ஒட்டினால் முகம் எங்கே பார்த்தது, பந்து முகத்தின் எந்த இடத்தில் பட்டது என்பதும் வருகிறது. குடோனுக்குள் நான் நம்பியது இதைத்தான். டிரைவர் அடிகளில் இரண்டு பெட்டிகளும் வேகத்தில் ஒத்துப்போயின, சுழற்சியில் சில சமயம் விலகின. விலகிய அடிகளில் பந்தின் ஓசையும் கையில் உணர்ந்த அதிர்வும் கேமரா சொன்ன பக்கமே சாட்சி சொன்னதாக நண்பரும் சொன்னார்.

ஆனால் குடோனுக்கு வெளியே வந்ததும் கதை மாறியது. தோப்புக்கு மேற்கே உழுது போட்ட நிலம் காலியாகக் கிடந்தது. ரேடார் பெட்டியை அங்கே கொண்டுபோய் வைத்தோம்.

பாலக்காட்டுக் கணவாயைத் தெரிந்தவர்களுக்கு ஆனி, ஆடிக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் அந்த வாசல் வழியாகப் பருவக்காற்று பொள்ளாச்சிச் சமவெளிக்குப் பாய்கிறது. கஞ்சிக்கோட்டிலும் உடுமலைப் பக்கத்திலும் காற்றாலைகள் நிற்பது இதை நம்பித்தான். மார்கழி, தையில் அதே வாசல் வழியாகக் கிழக்கிலிருந்து வறண்ட காற்று திரும்பி அடிக்கும். மாம்பூவும் பிஞ்சும் உதிருமோ என்று தோப்புக்காரர் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கும் மாதங்கள் அவை. இந்த ஊரில் காற்று ஒரு விவசாயக் கணக்கு.

மேற்கே பார்த்து ஏழாம் நம்பர் அயர்ன் மட்டையால் அடித்த பந்து எழும்பி, நின்று, செங்குத்தாக இறங்கியது. குடோனில் காட்டிய தூரத்துக்கு இருபது மீட்டர் போலக் குறைவு. கிழக்கே திரும்பி அடித்தபோது கூடிய தூரம் அதில் பாதி இருக்கும். இது தற்செயல் இல்லை. எதிர்க்காற்று பறிப்பதை விட முதுகுக்காற்று தருவது குறைவு என்பது இந்தக் கருவிகளே பல வருடங்களாகக் காட்டி வரும் உண்மை. எதிர்க்காற்றில் பந்தின் மேல் பாயும் காற்றின் வேகம் கூடுகிறது. டெய்ட் சொன்ன தாங்கலும் கூடுகிறது, தடையும் கூடுகிறது. பந்து தேவைக்கு மேல் உயர்ந்து, வேகத்தை இழந்து, விழுகிறது. வெளியில் ரேடார் இதை முழுக்கத் தொடர்ந்து பார்த்தது, விழுந்த இடம் வரை சொன்னது. பீரங்கிக் குண்டைத் தொடர்ந்து பார்க்கப் பிறந்த கருவி தன் சொந்த வேலையைச் செய்தது. பெட்டியை நான் மனதார வியந்தது அப்போதுதான்.

மென்பொருளில் காற்றையும் கடல்மட்ட உயரத்தையும் வெப்பத்தையும் நாமே கொடுக்கலாம் என்பது உண்மை. குடோனில் உயரத்தை 2,100 மீட்டராக மாற்றி, 1895இல் தொடங்கிய கொடைக்கானல் கோல்ஃப் கிளப்பின் காற்றை வரவழைத்தோம். அதே அடி எட்டு, பத்து சதவீதம் கூடுதலாகப் போயிற்று. மேலே காற்று அடர்த்தி குறைவு, தடை குறைவு. தோட்டத் துரைகள் ஒரு நூற்றாண்டுக்கு முன் மூணாறிலும் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ஆடிவிட்டுச் சமவெளிக்கு இறங்கியபோது தங்கள் கை தளர்ந்துவிட்டதாக நினைத்திருக்கக்கூடும். ஆனால் நிலையான ஒரு காற்றைத்தான் மென்பொருளில் கொடுக்க முடிகிறது. கணவாய்க் காற்று நிலையாக அடிப்பதில்லை. விட்டு விட்டு அடிக்கும். மர உயரத்துக்கு மேலே போனால் வேறு மாதிரி இருக்கும்.

இந்தப் பெட்டி அடியை அறியும். அதில் அதற்கு இணை இல்லை. பந்து கிளம்பும் திசை ஒரு பாகை மாறினாலே 200 மீட்டரில் அது மூன்றரை மீட்டர் விலகும்; அந்த ஒரு பாகையை எந்தக் கண்ணும் பிடிக்காது, இது பிடிக்கும். பறத்தலை அறைக்குள் இருந்து அது ஊகிக்கத்தான் முடியும். அதனால் நண்பரிடம் இப்படிச் சொன்னேன்: குடோனுக்குள் மட்டும்தான் ஆடப்போகிறீர்கள் என்றால் கேமரா வகை. நிலம் இருக்கிறது, வெளியே போவீர்கள் என்றால் ரேடார் வகை. முதலமடையில் நிலத்துக்குப் பஞ்சம் இல்லை. சியோல் நகரத்து அடுக்குமாடிக்கு வந்த தீர்வை அப்படியே இங்கே கொண்டுவந்து கதவைச் சாத்திக்கொள்வதில் எனக்கு ஒப்புதல் இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் இந்த ஆட்டத்தின் நல்ல கைகள் பல, பை தூக்கிய கைகள். 1991இல் இந்தியன் ஓப்பன் வென்ற அலி ஷேர் டெல்லியில் கேடியாக, அதாவது ஆட்டக்காரர்களின் பை தூக்குபவராக, இருந்தவர். 2009இல் அதே பட்டத்தை வென்ற சி. முனியப்பா பெங்களூரில் கேடியாக இருந்தவர். 2008இல் இந்தியன் மாஸ்டர்ஸையும் 2016, 2017இல் இந்தியன் ஓப்பனையும் வென்ற எஸ்.எஸ்.பி. சௌராசியா, கொல்கத்தாவில் திடலைப் பராமரித்தவரின் மகன். இவர்கள் யாரும் எண்களைப் பார்த்துக் கற்கவில்லை. பந்து போவதைப் பார்த்துக் கற்றார்கள். எண்களும் கிடைத்திருந்தால் எவ்வளவு சீக்கிரம் வந்திருப்பார்கள் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. தூரம் அடிப்பவர்களில் மிகவும் பின்தங்கியிருந்தும் டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பிடித்த அதிதி அசோக், துல்லியம் எவ்வளவு பெரிய செல்வம் என்று காட்டியிருக்கிறார். துல்லியத்தைக் கற்றுக்கொடுப்பதில் இந்தப் பெட்டியை விட நேர்மையான ஆசிரியர் இப்போது இல்லை.

கோவையிலோ சென்னையிலோ மலைக் கிளப்புகளிலோ இதை வாங்கி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கிளப்பில் பை தூக்கும் பிள்ளைகளை வாரத்தில் ஒரு நாளாவது கூப்பிட்டு, பெட்டியை அவர்கள் பக்கம் திருப்பி வையுங்கள். ஒரு பந்துக்கு ஆகும் மின்சாரச் செலவைத் தவிர உங்களுக்கு வேறு நஷ்டம் இல்லை.